டெக்சாஸில் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

மன்னவனூரிலிருந்து ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவன் எழுதியிருந்தான். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ராத்திரி கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையைத் தூக்கிவிட்டார்களாம். "ராத்திரியில திருட வர்றவனச் சுட்டாலும் இங்க கேஸ் இல்லன்னு ரூம்ல சொல்றாங்கண்ணா. நெசமா? ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கவா?" என்று கேட்கிறான். நான் 19 வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். இப்போது லீவில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை. அம்மா பூண்டு தரம் பிரிக்கும் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, முதலில் உன் விசாவைப் பார். எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்காதே.

ரூமில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42-வது பிரிவில் தீவைப்பு, வீடு புகுதல், கொள்ளை, இவற்றோடு ராத்திரித் திருட்டைத் தடுக்கவும் உயிர் போகும் அளவுக்குப் பலம் பிரயோகிக்க இடம் இருக்கிறது. ஆனால் பொருளை வேறு எந்த வழியிலும் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது அதைவிடக் குறைந்த பலத்தோடு போனால் தன் உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை நியாயமானதா என்று நீயா முடிவு செய்வாய்? பின்னால் வேறு பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

நான் போன புதிதில், 2007 நவம்பரில், ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனாவில் ஒருவர் பக்கத்து வீட்டில் திருடிக்கொண்டிருந்த இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். வெளியே போகாதீர்கள் என்று 911 அவசர உதவி எண்ணில் பேசிய பணியாளர் திரும்பத் திரும்பச் சொல்லியும் போனார். 2008-இல் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, அவர்மேல் குற்றம் சாட்டவில்லை. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் கொலை என்றார்கள். நான் கொலை என்ற பக்கம். இன்றும் அப்படித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது. பக்கத்து ஊரில் ஒருவர் உருளைக்கிழங்குக் காட்டுக்குக் காட்டுப்பன்னி வருகிறதென்று சுற்றிக் கம்பி இழுத்து, கொக்கி போட்டு லைன் கரண்டை அதில் விட்டிருந்தார். விடிகாலையில் தண்ணீர் திருப்பப் போன அவர் மச்சினன் அந்தக் கம்பியில் விழுந்து கிடந்தார். நாங்கள் ஓடிப் போனபோது டார்ச் லைட் அணையாமல் பனிப்புல்லில் கிடந்தது. யாரும் அதை எடுத்து அணைக்கவில்லை. கம்பி கட்டியவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மொத்தக் கிழங்கையும் பன்னி தின்றிருந்தாலும் அடுத்த போகம் போட்டிருக்கலாம். கம்பிக்குப் பன்னியும் தெரியாது, மச்சினனும் தெரியாது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1967-இல் இப்படியே ஒன்று நடந்தது. ஆளில்லாத பழைய பண்ணை வீட்டில் அடிக்கடி திருட்டுப் போகிறதென்று உரிமையாளர் கதவோடு கம்பியால் இணைத்து ஒரு துப்பாக்கியைக் கட்டி வைத்தார். பழைய பாட்டிலும் ஜாடியும் எடுக்க வந்தவனுக்குக் கால் சிதைந்தது. 1971-இல் அயோவா உச்ச நீதிமன்றம் திருட வந்தவனுக்கு மொத்தம் 30,000 டாலர் தரச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. நேரில் நின்றால் செய்யக் கூடாததைக் கம்பி கட்டியும் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம்.

நம் ஊர்ச் சட்டமும் இதில் ரொம்பத் தள்ளி இல்லை. ராத்திரி வீட்டை உடைத்துப் புகுபவனிடமிருந்து சொத்தைக் காக்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பில் சேரலாம், பழைய இ.பி.கோ. 103, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 41. வெறும் திருட்டென்றால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் இருந்தால்தான்.

உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் பயம் வேறு. மேல்மலையில் எந்த வீட்டுக் கதவையும் எந்நேரமும் தட்டி வளர்ந்தவன் நீ. 1992-இல் லூசியானாவில் 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி ஹாலோவீன் விருந்துக்குப் போகிறவன், வீடு மாறிப் போய் அழைப்பு மணியை அடித்தான். அந்த வீட்டுக்காரர் சுட்டதில் செத்துப் போனான். குற்ற வழக்கில் அவர் விடுதலை. சிவில் வழக்கில்தான் நஷ்டஈடு தீர்ப்பானது. அதைப் படித்ததிலிருந்து நான் முகவரி சந்தேகமாக இருந்தால் யார் வாசலிலும் ஏறுவதில்லை. ரோட்டிலேயே நின்று போன் செய்கிறேன்.

லேப்டாப்புக்குப் போலீஸில் புகார் பதிந்து அந்த எண்ணை வாங்கி வை. வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களுக்கு எடுக்கும் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் இருந்தால் காரிலிருந்து போனதற்கும் பெரும்பாலும் கேட்கலாம். இல்லையென்றால் இந்த மாதமே எடு. நான் அடுத்த வாரம் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை சாப்பிட வா. இருட்டிவிட்டால் தெருமுனையில் நின்று போன் பண்ணு, நான் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.