கேமராவுக்கு எந்த மெமரி கார்டு வாங்குவது? படங்களைச் சேமிக்க எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்கா?

முதலில் கேமராவின் கையேட்டை எடுத்து உள்ளே என்ன ஸ்லாட் இருக்கிறது என்று பாருங்கள். கார்டு அப்புறம்.

24 மெகாபிக்சல் மிரர்லெஸ் வாங்கியிருக்கிறேன், 'நொடிக்கு 200 எம்பி' என்று போட்ட கார்டை எடுப்பதா 300 என்று போட்டதை எடுப்பதா, லேப்டாப்பும் நிரம்பிவிட்டது, வெளியே சேமிக்க எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற டிரைவ்) ஹார்ட் டிஸ்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 200, 300 இரண்டுமே கேமராவுக்குள் நடக்கப்போவதைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசில் இன்னொரு டிரைவ் வாங்குங்கள். என் பதில் இவ்வளவுதான், மீதி எல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

கார்டின் முகத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். படிப்பது என்பது பிற்பாடு கம்ப்யூட்டரில் காப்பி போடும்போது நடக்கிற வேலை, அங்கே சில நிமிடம் கூடக்குறைய ஆனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எழுதும் வேகத்தைச் சில கம்பெனிகள் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுகின்றன, சில போடுவதே இல்லை.

சரி, கார்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் போடுகிற எஸ்டி கார்டைத்தான் சொல்கிறேன். தங்க நிறத் தொடுபுள்ளிகள் ஒரே வரிசையாக இருந்தால் அது அநேகமாக யூஎச்எஸ்-1 வகை (யூஎச்எஸ் என்பது கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவே தகவல் ஓடுகிற பாதையின் பெயர்), அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தால் அநேகமாக யூஎச்எஸ்-2. முன்பக்கத்தில் சின்னதாக ரோமன் எண்ணில் ஒற்றைக் கோடோ இரட்டைக் கோடோ இருக்கும், அதுவும் இதைத்தான் சொல்கிறது. யூஎச்எஸ்-1 பாதையின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி, யூஎச்எஸ்-2 பாதையின் உச்சம் 312. அப்படியானால் ஒற்றை வரிசை கார்டில் 170, 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? அது தரநிலைக்கு வெளியே கம்பெனிகள் தாங்களாகச் சேர்த்த ஏற்பாடு. அதற்கு ஏற்ற கார்டு ரீடரில் போட்டால் அந்த வேகம் கிடைக்கும், கேமராவில் போட்டால் 104-க்குள்தான் ஓடும். அதேபோல யூஎச்எஸ்-1 ஸ்லாட் மட்டும் உள்ள கேமராவில் விலை கூடிய யூஎச்எஸ்-2 கார்டைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் அந்த இரண்டாவது வரிசையைத் தொட அங்கே ஆளே இல்லை. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராக்களில் ஒன்று யூஎச்எஸ்-2 ஆகவும் மற்றது யூஎச்எஸ்-1 ஆகவும் இருப்பது சகஜம். ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி வைத்தால் மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் கேமரா நடக்கும். அதனால்தான் கையேட்டைப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்து குறிகள். ஒரே கார்டில் 10 என்று வட்டத்துக்குள் ஒன்று, யூ எழுத்துக்குள் 3 என்று ஒன்று, வி30 என்று ஒன்று, ஏ2 என்று ஒன்று, ஏதோ ராணுவ உடையில் பதக்கம் குத்தியதுபோல இருக்கும். இவற்றில் வி என்று தொடங்குவதை மட்டும் பார்த்தால் போதும். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம், வி60 என்றால் 60, வி90 என்றால் 90. யூ3 சொல்வதும் அதே 30-ஐத்தான். கிளாஸ் 10, யூ1, வி10 மூன்றும் சொல்வது அதே 10-ஐ. ஏ1, ஏ2 எல்லாம் போனில் ஆப் நிறுவி ஓட்டுவதற்கானவை, கேமராக்காரருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீடியோ எடுப்பவர்கள் குழம்புவது மெகாபிட், மெகாபைட் (எம்பி) விஷயத்தில். கேமரா மெனுவில் 4கே வீடியோ 100 என்று இருந்தால் அது நொடிக்கு 100 மெகாபிட், 8-ஆல் வகுத்தால் 12.5 எம்பிதான். வி30 கார்டு 240 மெகாபிட் வரை தாங்கும். ஆகவே சாதாரண 4கே வீடியோவுக்கு வி90 வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 400 மெகாபிட்டில் பதிவு செய்கிற கேமராவாக இருந்தால் 50 எம்பி ஆகிறது, அங்கேதான் வி60 தேவை. வி60-உம் வி90-உம் யூஎச்எஸ்-2 கார்டுகளில்தான் வரும் என்பதால் ஸ்லாட் கணக்கும் இங்கே வந்துவிடுகிறது.

புகைப்படத்துக்கு வருவோம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல்), தரம் குறையாத கம்ப்ரெஷனில், சுமார் 25 முதல் 30 எம்பி இருக்கும். நொடிக்கு 10 படம் என்று விசையை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 250, 300 எம்பி உற்பத்தியாகிறது, இதை நின்று நிதானமாகத் தொடர்ந்து வாங்கிக்கொள்ள எந்த எஸ்டி கார்டாலும் கஷ்டம். அதற்குத்தான் கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு தற்காலிக நினைவகம் வைத்திருக்கிறார்கள். படங்கள் முதலில் அங்கே போய் நிற்கும், பிறகு கார்டுக்குள் இறங்கும். கார்டின் வேகம் தீர்மானிப்பது பஃபர் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதை. நான் பறவைப் படம் எடுப்பவன், பறவை சிறகை விரிக்கிற நேரத்தில் பஃபர் நிரம்பி ஷட்டர் திக்கித் திணறினால் எப்படி எரிச்சல் வரும் என்று தெரியும், ஆகவே என் கேமராவுக்கு யூஎச்எஸ்-2 கார்டு வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நிலக்காட்சி, உருவப்படம், பயணப்படம் என்று ஒன்றொன்றாக எடுப்பவருக்கு நல்ல யூஎச்எஸ்-1 வி30 கார்டே தாராளம். படத்தின் தரத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதையும் சிலர் கேட்கிறார்கள்.

சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு பற்றி ஒரு வார்த்தை. அது வேறு சாதி, வேகமான எஸ்எஸ்டிகளில் உள்ள அதே பிசிஐஇ என்ற இணைப்புத் தொழில்நுட்பம். டைப் ஏ சிறியது, டைப் பி பெரியது, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. உங்கள் கேமராவில் அந்த ஸ்லாட் இல்லையென்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டைப் ஏ ஸ்லாட் சில கேமராக்களில் எஸ்டி கார்டையும் ஏற்றுக்கொள்ளும், அப்படி இருந்தால் இப்போதைக்கு எஸ்டியிலேயே ஓட்டுங்கள்.

எத்தனை ஜிபி? 30 எம்பி ஃபைல் என்றால் 128 ஜிபியில் 4,000 படத்துக்கு மேல் பிடிக்கும். கம்ப்யூட்டரில் 119 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஒரே 512 ஜிபி கார்டை விட 128-இல் இரண்டு, மூன்று வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும், ஒன்று போனால் எல்லாம் போகாது. அடிக்கடி மாற்றினால் தொலைந்துவிடும் என்று எதிர்வாதம் சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. பழைய கேமராவோ பழைய ரீடரோ கையில் இருந்தால் அது எஸ்டிஎக்ஸ்சி வகையை, அதாவது 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளை, ஏற்குமா என்று பாருங்கள். எஸ்டிஎச்சி என்ற முந்தைய வகை மட்டும் தெரிந்த கருவிகள் 32 ஜிபியோடு நின்றுவிடும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடுவதை நான் தவிர்ப்பேன், தேவையில்லாமல் இன்னொரு இணைப்பு, லூஸாக இன்னொரு இடம்.

இதையெல்லாம் விட முக்கியம், போலி கார்டு. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயம் வரும். உள்ளே இருப்பது 16 ஜிபி சிப்பாக இருக்கலாம், ஆனால் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி 256 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரும் கேமராவும் அதை அப்படியே நம்பும். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் போகும், அதற்கு மேல் எழுதுவது ஒன்று பழைய படங்களின் மேலேயே விழும் அல்லது காற்றில் போகும், ஃபைல் பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஸ்டிக்கரும் பாக்கெட்டும் அச்சு அசலாக இருக்கும். ஒரே வழி, வாங்கிய அன்றே கார்டை முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக்கில் எஃப்3 என்று இலவச நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், ஓட விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கிற காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி வெளிச் சேமிப்பு. எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்கா என்றால் இரண்டும்தான், வேலை வேறு வேறு. சிறிய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 130 எம்பி எழுதும், 2 டிபியை முழுக்க நகல் எடுக்க 5 மணி நேரம் போல ஆகும், ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் ஆபத்து. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் கிடையாது, 10 கிகாபிட் யூஎஸ்பி வகை என்றால் நொடிக்கு 1,000 எம்பியை நெருங்கும். பையில் போட்டுக்கொண்டு அலையவும், படங்களை அதிலேயே வைத்து எடிட் செய்யவும் எஸ்எஸ்டி. முடித்த படங்களை வருடக்கணக்கில் வைக்க ஹார்ட் டிஸ்க், அதே காசுக்கு நிறைய இடம் கிடைக்கும். அது மட்டுமல்ல, எஸ்எஸ்டியும் மெமரி கார்டும் தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கின்றன, மின்சாரமே தராமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம்.

எஸ்எஸ்டி வாங்கும்போதும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2,000 எம்பி என்று விற்கிறவை 20 கிகாபிட் யூஎஸ்பியை எதிர்பார்க்கின்றன, அந்த வசதி உங்கள் லேப்டாப்பில் இல்லையென்றால் பெரும்பாலும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கார்டு தருவதே 100, 200 என்றால் அதைக் காப்பி போட 2,000 எதற்கு? இன்னொன்று, கேபிள். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்கள் நிறைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாது, நடைமுறையில் நொடிக்கு 40 எம்பிதான். எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது என்று வருகிற புகார்களில் கணிசமானவை கேபிளைப் பற்றிய புகார்கள் என்பது என் அனுமானம். டிரைவோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

ஒரு டிரைவ் வாங்கிப் படங்களை அதற்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்துவிட்டால் அது பேக்கப் ஆகாது, படம் இடம் மாறியது, அவ்வளவுதான், இன்னமும் ஒரே பிரதி. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் அல்லது கிளவுடில், இதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முடியாவிட்டால் இரண்டு பிரதியாவது. தானாக ஒத்திசைக்கிற கிளவுட் போல்டரை மட்டும் நம்பாதீர்கள், இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும், குப்பைக் கூடை காலக்கெடுவுக்குள் கவனித்தால்தான் உண்டு. இரண்டு பிரதியும் ஆகித் திறந்து பார்க்கும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், செய்யும்போது கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

தவறி அழித்துவிட்டாலோ ஃபார்மேட் ஆகிவிட்டாலோ உடனே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள், அதில் இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. பெரும்பாலும் அழிவது பட்டியல்தான், படங்கள், அவற்றின் மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை, உள்ளேதான் இருக்கும். எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை வைக்க முடியாது, அழித்த இடத்தை அது தானே சுத்தம் செய்துவிடக்கூடும். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் ஜேபெக், ரா இரண்டையும் தேடி எடுக்கும், நீளமான வீடியோக்கள் சில சமயம் துண்டாகி வரும். மீட்டவற்றை அதே கார்டில் எழுத விடாமல் வேறு டிரைவைக் காட்டுங்கள். பழைய ஃபைல் பெயர்கள் திரும்ப வராது, ஆனால் படம் எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.