உரைக்குப் பின் வரும் கேள்விகள்

கேள்வி: மேடையில் தயக்கமின்றிப் பேசிவிடுகிறேன். ஆனால், உரை முடிந்து ‘கேள்விகள் இருந்தால் கேட்கலாம்’ என்று அறிவித்தவுடன் பதற்றம் வந்துவிடுகிறது. ஒருவரும் கேட்காவிட்டால் சங்கடமாக இருக்கிறது. யாராவது காரசாரமாகக் கேட்டால் நா தடுமாறுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: கேள்வி முடியும் முன்பே பதிலைத் தேடத் தொடங்குவதுதான் பல பேச்சாளர்களைத் தடுமாற வைக்கிறது, அப்படித் தேடும்போது, கேட்பவர் கடைசியில் சேர்க்கும் முக்கியமான சொல் காதில் விழாமலே போய்விடும். எனவே முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியை உங்கள் சொற்களில் சுருக்கி, ஒலிபெருக்கியில் அவைக்குத் திருப்பிச் சொல்லுங்கள். முன்வரிசையில் எழுந்த கேள்வி பின்வரிசைக்கு எட்டியிருக்காது. உங்களுக்கும் யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் கேட்டவரே அங்கேயே திருத்திவிடுவார்.

காரசாரமான கேள்விக்கும் இதுவே கைகொடுக்கும். ‘நீங்கள் சொல்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று ஒருவர் பொரிந்தால், ‘இதை நடைமுறைப்படுத்தும்போது என்னென்ன தடைகள் வரும் என்று கேட்கிறார்’ என எடுத்துச் சொல்லலாம். கடுமையைத் தணிக்கும் சாக்கில் கேள்வியையே மாற்றிவிடுவது மட்டும் நியாயமாகாது. அவையும் அதை உடனே கண்டுகொள்ளும். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கி, பிறகு அரங்கம் முழுவதையும் பார்த்துப் பேசுங்கள். அவரையே பார்த்து முடித்தால் இருவருக்கிடையேயான வாக்குவாதமாக அது நீண்டுவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள்.

அமைதியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. வகுப்பில் கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்தார்கள் என்றும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டித்தபோது மாணவர்கள் விரிவாகவும் தாமாக முன்வந்தும் பதில் சொன்னார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். பழகிய வகுப்பறைக்கே அவ்வளவு நேரம் தேவை என்றால், அறிமுகமற்றவர்கள் நிறைந்த அரங்கில் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பது மிகையல்ல.

முதலில் யாரை அழைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 10 நாடுகளில் சுமார் 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் கேள்வியை ஆண் கேட்ட அரங்குகளில் பெண்களின் கேள்விகள் குறைந்திருந்ததைப் பதிவு செய்தது. ஆகவே, முந்திக்கொண்டு உயரும் கைக்கே எப்போதும் வாய்ப்பைத் தந்துவிடாமல், பாதி உயர்ந்து தயங்கும் கையையும் தேடி அழையுங்கள். கேள்வி நேரத்தை ஒருங்கிணைப்பாளர் நடத்துவதாக இருந்தால், இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.