மலையாற்றில் ஃப்ளை தூண்டில்: வாசகர் கேள்விகள்

குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை தூண்டில் (முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த ஃப்ளையை வீசிப் பிடிப்பது) போடுவது பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். வடகோளத்தில் கோடையாக இருக்கும் மாதம் தென்கோளத்தில் குளிர்காலம். அதனால் மாதப் பெயர்களை விட்டுவிட்டுப் பருவத்தை மட்டும் சொல்கிறோம்.

கேள்வி: நான்காம் எண் கோல், ஐந்தாம் எண் கோல் என்கிறார்களே, அந்த எண் எதைக் குறிக்கிறது? வருடம் முழுக்க ஒரே கோலை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: எண் குறிப்பது லைனின், அதாவது ஃப்ளையை வீசப் பயன்படும் தடித்த கயிற்றின், எடையை. லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருந்தால் அது 5-ஆம் எண். 120 கிரெய்ன் என்றால் 4-ஆம் எண். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளைக்கு அப்படிச் சொல்லும்படியான எடை இல்லை. லைனின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. கோலும் லைனும் எண்ணில் பொருந்தாவிட்டால் வீச்சு சரியாக விழாததற்கு இதுதான் காரணம்.

ஒரே கோல் என்றால் 9 அடி, 5-ஆம் எண் வாங்குங்கள். கிளைகள் கவிந்த குறுகிய ஓடைக்கு மட்டும் ஏழரை அடி, 3 அல்லது 4 வசதி. லைன் நுனியில் 9 அடி லீடர் (நுனி நோக்கி மெலியும் நரம்பு), அதன் முனையில் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பு). டிப்பெட்டின் எக்ஸ் எண்ணை 11-லிருந்து கழித்தால் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மி.மீ. தூண்டில் முள்ளின் எண்ணை (எண் கூடக்கூட முள் சிறியது) மூன்றால் வகுத்தால் அதற்கேற்ற டிப்பெட் ஏறக்குறைய கிடைத்துவிடும்: 16-ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ்.

கேள்வி: வசந்தத்தில் பனி உருகி ஆறு கலங்கி ஓடும்போது வீட்டிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்து உங்கள் பாதம் தெரிந்தால் மீன் பிடிக்கலாம். தெரியவில்லை என்றால் வீட்டில் ஃப்ளை கட்டுங்கள்.

நடு நீரோட்டத்தின் வேகத்தைத் தாங்கமுடியாமல் மீன் கரையோரத்துக்கு ஒதுங்கியிருக்கும். கரையிலிருந்து ஒரு கை நீளத்துக்குள், பாறைக்குப் பின்னால், வேர்களுக்கு அடியில் தேடுங்கள். வந்ததும் தண்ணீரில் இறங்குகிறவர் முதல் மீனை மிதித்துத்தான் விரட்டுகிறார். 8 அல்லது 10-ஆம் எண்ணில் கருமையான ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் (ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி நீருக்குள் வாழும் இளம்பருவத்தைப்போல் கட்டிய, மூழ்கும் ஃப்ளை) போடுங்கள். கலங்கிய நீரில் மெல்லிய டிப்பெட்டால் பயனில்லை. 3எக்ஸ் போதும், வேகமான நீரில் மீனை இழுத்துக்கொண்டு வரவும் அதுதான் தாங்கும்.

பனிக்கு அருகிலுள்ள மேல்பகுதிகளில் காலையில் நீர் இறங்கியிருக்கும், வெயில் ஏறிய பிறகு பெருகும். காலையில் கடந்த இடத்தை மாலையில் கடந்து திரும்ப முடியாமல் போகலாம். அக்கரைக்குப் போகுமுன் கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நீர் அதைத் தொட்டால் உடனே திரும்பிவிடுங்கள். இடுப்பளவு வேடர் (நீர் புகாத காற்சட்டை) போட்டிருந்தால் பெல்ட் கட்டாயம்.

கேள்வி: கண்முன்னே மீன்கள் மேலே வந்து தின்கின்றன. நாலைந்து ஃப்ளை மாற்றிப் போட்டும் என்னுடையதைத் தொடுவதில்லை. எது தவறு?

பதில்: பெரும்பாலும் ஃப்ளையின் நிறம் அல்ல. ஆனால் எல்லோரும் முதலில் மாற்றுவது அதைத்தான்.

மீன் எப்படி மேலே வருகிறது என்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். மூக்கு வெளியே வந்து, வளையத்தின் நடுவில் ஒரு குமிழி மிஞ்சினால் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்து தலை தெரியவில்லை என்றால், மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் நிம்ஃப் தோலை உரித்துக்கொண்டு மேற்பரப்புக்கு அடியில் திணறும் நிலையில் அதைப் பிடிக்கிறது. அப்போது நன்றாக மிதக்கும் உலர் ஃப்ளையை எத்தனை முறை போட்டாலும் கடந்துபோகும். எமெர்ஜர் (இப்படித் தோலுரிக்கும் பூச்சியைப்போல் கட்டிய ஃப்ளை) வகை ஒன்றை எடுத்து, மிதப்புக் களிம்பை இறக்கைப் பகுதியில் மட்டும் தடவி, உடல் நீருக்குள் தொங்கும்படி விடுங்கள். மாலையில் ஓசையே இல்லாமல் உறிஞ்சினால் முட்டையிட்டு முடித்து இறக்கை விரித்துக் கிடக்கும் மேஃப்ளைகள். தண்ணீர் தெறிக்க அடித்தால் பெரும்பாலும் கேடிஸ் என்ற மற்றொரு நீர்ப்பூச்சி.

அதற்கும் மசியவில்லையா? ஃப்ளை இழுபடுகிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் ஓடும் வேகமான நீர் லைனை வளைத்து, ஃப்ளையை ஒரு விரற்கடை அளவு நகர்த்தினாலும் மீனுக்குத் தெரியும். பத்தடி தள்ளி நிற்கும் உங்களுக்குத் தெரியாது. முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பிறகு லைன் நீரில் விழுந்தவுடன் அதன் வளைவை மேலோட்டத் திசைக்குத் தூக்கிப் போடுங்கள். டிப்பெட்டை இரண்டு மூன்று அடி நீட்டிக் கட்டுங்கள். அதன்பிறகு ஓர் அளவு சிறிய ஃப்ளை. நிறம் கடைசி. கேடிஸுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு: அது நீரில் ஓடித் துள்ளும் பூச்சி என்பதால் சற்று இழுபட்டாலும் மீன் ஏற்கும்.

கேள்வி: தக்கை கட்டி நிம்ஃப் விடுகிறேன். எவ்வளவு ஆழத்தில் விடுவது?

பதில்: தக்கைக்கும் நிம்ஃபுக்கும் இடையே நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. இரண்டடி ஆழத்துக்கு மூன்றடி. பிறகு பக்கத்தில் மிதக்கும் நுரைக் குமிழிகளோடு தக்கையை ஒப்பிடுங்கள். அடிமட்டத்தில் நீர் மெதுவாக ஓடுவதால், நிம்ஃப் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் தக்கை குமிழிகளைவிடப் பின்தங்கும். சேர்ந்தே ஓடினால் நிம்ஃப் இன்னும் இறங்கவில்லை. சிறிய ஈயம் ஒன்று கூட்டுங்கள். எப்போதாவது அடிக்கல்லில் தட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டினால் ஈயம் அதிகம்.

கேள்வி: காற்றே இல்லாத நாளில்கூட லீடரில் முடிச்சு விழுகிறது.

பதில்: முன்வீச்சைத் தொடங்கும்போதே முழு பலத்தையும் கொடுக்கிறீர்கள். கோல் நுனி கீழே தாழ்ந்து, லைன் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டி, சட்டென்று நிறுத்துங்கள். விழுந்த முடிச்சை அப்படியே விடாதீர்கள், டிப்பெட்டின் வலிமை பாதியாகக் குறையலாம். பின்னால் சாட்டைச் சத்தம் கேட்டு ஃப்ளை காணாமல் போவது வேறு தவறு: பின்வீச்சில் லைன் நீளுமுன் முன்னே தள்ளிவிடுகிறீர்கள்.

கேள்வி: கோடையில் மாலை நேரம் நல்லது என்கிறார்கள். ஆனால் விட்ட மீன் சில சமயம் நீந்தாமல் கவிழ்கிறதே?

பதில்: மாலையில் காற்று குளிரும், ஆறு உடனே குளிராது. அன்றைய வெப்பம் முழுவதும் நீரில் சேர்ந்திருக்கும் நேரம் பிற்பகலும் முன்மாலையும்தான். நீர் மிகவும் குளிர்ந்திருப்பது விடியலில். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1-தான். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. அதனால் தெர்மாமீட்டரை ஓரத்துத் தேங்கல் நீரில் அல்லாமல் ஓடும் நீரில் வையுங்கள். 18 டிகிரியில் யோசியுங்கள், 20-ல் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

விடியலில் கரைப்புல் தொங்கும் இடங்களில் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி வடிவ ஃப்ளைகள் போடுங்கள். தெளிந்த குறைந்த நீருக்கு 12 அடி லீடர் தேவை. முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடவேண்டும். நீருக்கு வெளியே 10 விநாடிக்கு மேல் கூடாது. தலை நீரோட்டத்தை எதிர்க்கும்படி, மென்மையான ஓட்டத்தில் தானே உதறிப் போகும்வரை பிடித்திருங்கள்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் ஆழமற்ற கூழாங்கல் பகுதியில் பெரிய மீன்கள் ஜோடியாக நிற்கின்றன. பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பிரவுன் ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் முட்டையிடும் காலம் அது (ரெயின்போ வசந்தத்தில்). சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கு நடுவில் வெளிறிச் சுத்தமாகத் தெரியும் திட்டுதான் கூடு. மேல்பக்கம் பள்ளம், கீழ்ப்பக்கம் சிறு மேடு. முட்டைகள் கல்லுக்கு அடியில் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும், மீன் போன பிறகும் அதை மிதிக்கக் கூடாது. பல ஆறுகளில் இந்தக் காலத்தில் தடையும் உண்டு, உங்கள் ஆற்றின் விதியைப் பாருங்கள். திறந்திருந்தால் கூட்டிலிருந்து விலகிய ஆழ மடுக்களில் 6-ஆம் எண் ஸ்ட்ரீமரை, அதாவது சிறு மீன்போல் கட்டிய ஃப்ளையை, குறுகிய இழுப்புகளாக இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் கோல் வளையங்கள் உறைந்துவிடுகின்றன. வேறு வழி உண்டா?

பதில்: லைனை இழுத்து இழுத்து உள்ளே சேர்க்கும்போதுதான் தண்ணீர் வளையத்தில் ஏறி உறைகிறது. 20 அடி, 25 அடி என ஒரே நீளத்தை வெளியே வைத்து, இழுக்காமல் தூக்கி மறுபடி வீசுங்கள். உறைந்தால் விரலால் உடைக்காமல் கோல் நுனியை நீரில் முக்குங்கள். உடைக்கப்போய் நுனி முறிவதுண்டு.

நீர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் மெதுவான ஆழத்தில் கிடக்கும், உணவுக்காகச் சில அங்குலம்கூட நகராது. நண்பகலை ஒட்டி, 20 அல்லது 22-ஆம் எண் மிட்ஜ் லார்வாவை (கொசு போன்ற சிறு பூச்சியின் புழு வடிவ ஃப்ளை) அதே தடத்தில் பத்துப் பதினைந்து முறை விடவேண்டியிருக்கும். உறைகுளிரில் பிடித்த மீனை நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். வெளியே எடுத்தால் செவுள் உறைந்துபோகும்.