செல் சமிக்ஞைப் பாதைகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி? தோட்டத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன பயன்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. மலேசியாவில் ஃபார்ம் சிக்ஸ் முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வின் உயிரியலில் செல் சமிக்ஞை (வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல் உள்ளே கடத்தும் விதம்), மரபணு வெளிப்பாட்டுக் கட்டுப்பாடு என்று வரும் அம்புக்குறிப் படங்கள் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மனதில் நிற்கவில்லை என்பது ஒன்று. "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, சீக்கிரம் ஒரு வேலையைப் பாரு" என்று மாமா சொன்னது இன்னொன்று. முதல் விஷயம் மட்டும் என்றால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இரண்டாவது சுட்டுவிட்டது.

உன்னைத் தங்கை என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபார்ம் சிக்ஸ், டவுனில் டியூஷன், அங்கே கொடுத்த நோட்டில் கலர் கலராக அம்புகள், ஒவ்வொன்றின் மேலும் மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர். என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஃபார்ம் சிக்ஸுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆராய்ச்சியாளர் இல்லை, ஆசிரியை. அம்மா பால்மரம் வெட்டியவர். சமிக்ஞைப் பாதை எனக்குப் புரிந்தது அம்மாவின் வேலையிலிருந்துதான், அதனால் அதையே சொல்கிறேன்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு தீம்பாருக்கு, அதாவது பால்மரம் வெட்டும் காட்டுக்கு, போவேன். மருந்து போடும் நாள் என்று ஒன்று வரும். வெட்டுக்குக் கீழே பட்டையை மேலாகச் சுரண்டிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் டின்னில் தொட்டு ஒரு விரல் அகலத்துக்குப் பூசுவார். லேசாகப் புளித்த வாடை அடிக்கும். அடுத்த வெட்டிலேயே வித்தியாசம் தெரியும். வழக்கமாகப் பால் நின்றுவிடும் நேரம் தாண்டியும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். பால் எடுத்துவிட்டு வந்த பிறகும் சொட்டும். அது மங்கிலேயே உறைந்து மறுநாள் கட்டிப்பாலாகத்தான் கிடைக்கும்.

அந்த மருந்தின் பெயர் எத்திஃபான். மரத்துக்குள் போனதும் அது உடைந்து எத்திலீன் வாயுவை விடும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே எத்திலீன்தான். இதை ரப்பர் மரத்தில் பூசினால் பால் கூடும் என்று 1968இல் கட்டுரை எழுதியவர்கள் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள்: ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன். பல்கலைக்கழக நூலகத்தில் அந்த மூன்றாவது பெயரைப் பார்த்தபோது என் மனம் எப்படி இருந்தது என்று உன் மாமாவிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

சரி, பாதைக்கு வருவோம். எத்திலீன் என்பது வெறும் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அவ்வளவு சின்ன மூலக்கூறு செல்லுக்குள் என்ன கட்டளை போட முடியும்? ஒன்றும் போடுவதில்லை. ஏற்கெனவே போட்டிருக்கும் ஒரு தடையை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். சமிக்ஞை வந்தால் ஏதோ தொடங்கும், அம்பு முன்னோக்கிப் போகும் என்றே நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

எத்திலீன் இல்லாத நேரத்தில் அதன் ஏற்பி, அதாவது அந்தச் செய்தியைப் பிடிக்கும் புரதமான இடிஆர்1, சும்மா இருப்பதில்லை. சிடிஆர்1 என்ற நொதியை விழிப்பாக வைத்திருக்கிறது. அந்த நொதி இஐஎன்2 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பாஸ்பேட் ஒட்டியிருக்கும் வரை இஐஎன்2 நகர முடியாது. இன்னொரு பக்கம், செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) போய் மரபணுக்களைத் திறக்க வேண்டிய இஐஎன்3 என்ற புரதத்தைச் செல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உண்டாக்கிய கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. எத்திலீன் வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும் ஏற்பி அடங்கிவிடுகிறது. சிடிஆர்1 ஓய்கிறது. இஐஎன்2வின் வால் பகுதி வெட்டுப்பட்டுக் கருவுக்குள் போகிறது. அதனால் இஐஎன்3 அழியாமல் சேருகிறது. டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு வரிசை மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவை (காவலாளியை) வீட்டுக்கு அனுப்பிவிட்டால் லாரி தானாக உள்ளே போவது மாதிரி. லாரியை யாரும் தள்ளவில்லை.

இப்போது உன் கேள்விக்கான பதில். அம்புகளைப் பார்க்காதே. ஒவ்வொரு புரதத்தையும் மனதுக்குள் உடைத்துப் பார். "இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று கேள். சிடிஆர்1 கெட்டுப்போனால் தடை போடுகிறவரே இல்லை. அப்போது எத்திலீன் துளியும் இல்லாத காற்றில் வளரும் செடிகூட எத்திலீனில் மூழ்கியது போல நடந்துகொள்ளும். ஏற்பி எத்திலீனைப் பிடிக்க முடியாதபடி மாறிவிட்டால்? தடை எடுபடவே எடுபடாது. பழுக்காத தக்காளி ரகம் ஒன்று இருக்கிறது, அதில் நடந்திருப்பது இதுதான். விஞ்ஞானிகளும் இந்தப் பாதையை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து, எத்திலீனுக்கு மசியாத செடி எது, எத்திலீன் இல்லாமலே மசிந்த செடி எது என்று ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேடிப் பொறுக்கினார்கள். படம் அப்புறம்தான் வந்தது. நமக்குப் படத்தை முதலில் கொடுத்துவிடுவதால்தான் இந்தத் தொல்லை.

யாராவது கீழே வந்து, "இதெல்லாம் ஆய்வகத்தில் வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற சின்னச் செடியில் கண்டது, ரப்பர் மரத்தில் நேரடியாக நிரூபித்தார்களா?" என்று கேட்பார்கள், தெரியும். படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது அந்தச் சின்னச் செடியில்தான். ரப்பர் மரத்திலும் அதே குடும்பத்து மரபணுக்கள் இருக்கின்றன. அந்த அளவில்தான் சொல்கிறேன், அதற்கு மேல் இழுக்கவில்லை.

ரப்பர் மரத்தில் திறந்துகொள்ளும் மரபணுக்கள் எவை என்பது இன்னும் சுவையானது. மருந்து போட்டால் மரம் அதிகமாக ரப்பர் செய்யத் தொடங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ரப்பரைச் செய்யும் நொதிகளின் மேல் எத்திலீனுக்கு நேரடிப் பிடி அவ்வளவாக இல்லை. பால்குழாய் செல்களுக்குள் தண்ணீர் போகும் வாயில்களான அக்குவாபோரின் புரதங்களின் மரபணு கூடுதலாக வெளிப்படுகிறது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தின் மரபணுவும் அப்படியே. தண்ணீர் வருகிறது, பால் நீர்க்கிறது, வெட்டுவாயில் அடைப்பு விழத் தாமதமாகிறது, அதனால் நீண்ட நேரம் ஓடுகிறது.

அம்மாவுக்கு இது வேறு வழியில் தெரியும். மருந்து போட்ட வாரத்தில் வாளி கனக்கும். ஆனால் ஸ்டோரில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார், ரப்பர் அளவு இறங்கியிருக்கும். சம்பளம் வாளிக்கு இல்லை, காய்ந்த ரப்பருக்குத்தான். "தூக்குறது தண்ணி, கிடைக்கிறது கொஞ்சம்" என்று அம்மா சொல்வார். மொத்தத்தில் தோட்டத்துக்கு லாபம்தான். சுமந்த தோளுக்கு எவ்வளவு என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அமில மருந்து அது, தோலிலும் கண்ணிலும் படக்கூடாது. எங்கள் தோட்டத்தில் கையுறை கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் வலது கை விரல்கள் கடைசி வரை வெடித்துத்தான் இருந்தன.

இன்னொன்றும் அம்மா சொல்வார். எல்லா மரமும் மருந்துக்கு ஒரே மாதிரி பேசாது என்பார். இது சமிக்ஞைப் பாடத்தின் உயிரான விஷயம். செய்தி ஒன்று, கேட்கும் செல் வேறு, பதில் வேறு. பிபி 217 என்ற ரகம் மருந்துக்கு நன்றாக மசியும். பிபி 260 அவ்வளவாக மசியாது. அது இயல்பிலேயே சுறுசுறுப்பாகப் பால் செய்யும் மரம். அதையும் மீறி மருந்தைத் தீட்டினால் பட்டை காய்ந்து மரமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஒரே எத்திலீன் வாழையில் பழுக்க வைக்கிறது, இலையில் உதிர வைக்கிறது, ரப்பர் பட்டையில் பால் ஓட வைக்கிறது. எந்தச் செல்லில் எந்த மரபணுக்கள் திறக்கும் நிலையில் காத்திருக்கின்றனவோ, பதில் அதைப் பொறுத்தது.

பிபி என்றால் பிராங் பெசார். காஜாங்குக்கு அருகே இருந்த தோட்டம், எத்தனையோ நல்ல ரகங்களைக் கொடுத்த மண். இன்று அது புத்ராஜெயா. அங்கே இருந்த தோட்டத்து மக்கள் இடம் மாறிப் போனார்கள். எங்கள் தோட்டத்துக்கும் அதேதான். முதலில் செம்பனை வந்தது, பிறகு நிலம் கைமாறியது, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறை அந்த அஞ்சடியில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர்க்காரர்கள் நாங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் அவர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் எங்கள் சனம் தாமானில் (நகரக் குடியிருப்பில்) வாடகை கட்டிக்கொண்டிருக்கிறது. கேள்விக்குத் தொடர்பில்லைதான். ஆனால் "தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்கு" என்று யாராவது கேட்டால் எனக்கு இதெல்லாம் சேர்ந்தேதான் வருகிறது. நிலம்தான் கிடைக்கவில்லை, அறிவையுமா வேண்டாம் என்று சொல்வது?

மாமாவிடம் இதைச் சொல். மங்கில் விழும் பால் வெறும் சாறு இல்லை, உயிருள்ள செல்லின் உள்ளடக்கம். கருக்கள் பெரும்பாலும் குழாய்ச் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். மற்றபடி ரைபோசோம், ஆர்என்ஏ எல்லாம் பாலோடு வெளியே வந்துவிடும். எந்த மரபணு இப்போது பேசிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மற்றச் செடிகளில் திசுவை அரைக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பாலைப் பிடித்தாலே போதும். ரப்பரைச் செய்யும் மரபணுக்களின் ஆர்என்ஏ இலையில் இருப்பதைவிடப் பாலில் பல மடங்கு அதிகம். மரபணு வெளிப்பாட்டை நம் தாத்தா பாட்டிகள் வாளி வாளியாகச் சுமந்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தைப் படிக்க அவர்கள் பேரப்பிள்ளையைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

"மனித உடம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே" என்பவர்களுக்காக: நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று சொல்லும் நிலை. இன்சுலின் ஈரல் செல்லின் ஏற்பியில் பட்டதும், உள்ளே ஏகேடி என்ற நொதி விழித்து ஃபாக்ஸோ1 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்டியதும் அது கருவிலிருந்து வெளியேற்றப்படுகிறது. சர்க்கரை உற்பத்தி மரபணுக்களைத் திறந்து வைத்திருந்தது அதுதான், ஆகவே அவை அடங்குகின்றன. இன்சுலினுக்குச் செல் மசியாமல் போனால் ஃபாக்ஸோ1 உள்ளேயே இருக்கும். சாப்பிட்ட பிறகும் ஈரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கும். இங்கேயும் அதே பாஸ்பேட், அதே தடுப்பு விளையாட்டு. எந்த இடம் உடைந்தால் என்ன ஆகும் என்று நீயே சொல்லிவிடலாம்.

பாதைகள் தங்களையே அடக்கிக்கொள்வதையும் விட்டுவிடாதே, தேர்வில் அதைக் கேட்பார்கள். இஐஎன்3 திறக்கும் மரபணுக்களில் ஒன்று, இஐஎன்3யையே அழிக்க உதவும் புரதத்துக்கானது. எத்திலீன் வந்தால் சில ஏற்பிகளின் உற்பத்தியும் கூடும். ஏற்பி கூடினால் என்ன ஆகும் என்று யோசி. மேலே சொன்னதை ஒழுங்காகப் படித்திருந்தால், அது தடையைக் கூட்டும் என்று உனக்கே தெரியும்.

டியூஷன் நோட்டை மூடிவிட்டு லாக் ஓபரானை எடு, பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதி அது. ஜாக்கோப், மோனோ இருவரும் 1961இல் சொன்னது, 1965இல் நோபல் வாங்கித் தந்தது. படத்தைப் பார்க்காமல் மூன்று கேள்விக்குத் தாளில் விடை எழுது. அந்தத் தொகுதியை மூடிவைக்கும் அடக்கிப் புரதத்தைச் செய்யும் மரபணு கெட்டுப்போனால் லாக்டோஸ் இல்லாதபோது என்ன நடக்கும்? அடக்கி நன்றாக இருந்து, அது உட்காரும் இயக்கி இடம் கெட்டுப்போனால்? அடக்கியால் லாக்டோஸ் தரும் சமிக்ஞையைப் பிடிக்கவே முடியாமல் போனால்? மூன்றாவது, பழுக்காத தக்காளிக்கு உறவுக்காரன். முதல் இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும். வெளியிலிருந்து நல்ல அடக்கி மரபணு ஒன்றைச் செல்லுக்குள் கொண்டுவந்தால் எது சரியாகும், எது ஆகாது என்று கண்டுபிடி. விடையைக் கீழே பின்னூட்டத்தில் போடு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.