லூயிஜி கோழையா?

கேள்வி: 2023-இல் வெளிவந்த ‘தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி’ அனிமேஷன் படத்தைப் பிள்ளைகளுடன் மீண்டும் பார்த்தேன். தலைப்பிலேயே சகோதரர்கள் என்று இருக்க, தம்பி லூயிஜியைப் பயந்தாங்கொள்ளியாகக் காட்டி, படத்தின் பெரும்பகுதி கூண்டிலேயே அடைத்து வைத்துவிட்டார்களே! அந்தப் பாத்திரத்துக்கு இது அவமரியாதை இல்லையா? இளவரசிக்குக் கொடுத்த வீரத்தில் பாதியையாவது அவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: பயப்படுவதையும் கோழையாக இருப்பதையும் நீங்கள் ஒன்றாகவே எண்ணிவிட்டீர்கள். லூயிஜி பயப்படுகிறவன், அதை மறுக்க வேண்டியதில்லை. எலும்புக்கூடாகிப்போன ஆமைகள் துரத்தும்போது அலறிக்கொண்டு ஓடுகிறான். தப்பிப்பதாக நினைத்துப் புகுந்த கோட்டையிலேயே முகமூடிக் காவலாட்களிடம் அகப்பட்டுக்கொள்கிறான். ஆனால் படத்தின் வில்லனான ஆமை அரசன் பவுசரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டபோது அவன் செய்ததைக் கவனித்தீர்களா? மாரியோவைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்கிறான். மீசை முடியைப் பிடித்து இழுத்து வதைத்த பிறகே உண்மை அவன் வாயிலிருந்து வருகிறது. உடம்பெல்லாம் நடுங்கியபடியே, அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் தாக்குப்பிடித்த அந்தச் சில நொடிகளை எந்த நியாயத்தின்படி கோழைத்தனம் என்று சொல்வது?

இந்தப் பயம் படக்குழுவினர் புதிதாக ஒட்டவைத்ததும் அன்று. 1983-இல் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் ‘மாரியோ பிரதர்ஸ்’ என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டில் லூயிஜி பிறந்தபோது அவனுக்குக் குணம் என்று எதுவுமே கிடையாது. இருவர் சேர்ந்து ஆட இன்னொரு ஆள் தேவைப்பட்டான்; அன்றைய இயந்திரங்களில் நினைவகம் போதாததால், மாரியோவின் உருவத்தையே எடுத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டிலும், அண்ணன் உயிர் விட்டால்தான் தம்பிக்கு முறை வரும். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று அழைக்கப்பட்ட பெட்டியில் ஆடியவர்களுக்கு, குறிப்பாக வீட்டின் கடைக்குட்டிகளுக்கு, அந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரியும். 1986-இல் ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் பாகத்தில்தான் அவன் அண்ணனிலிருந்து சற்றுப் பிரிந்து நின்றான். மாரியோவைவிட உயரமாகத் தாவுவான், ஆனால் தரையில் கால் ஊன்றாமல் வழுக்கிக்கொண்டே போவான்.

அவனை ஒரு மனிதனாக்கியது 2001-இல் நிண்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுக் கருவியுடன் வந்த ‘லூயிஜிஸ் மேன்ஷன்’. பேய்கள் மாரியோவைப் பிடித்து ஓர் ஓவியத்துக்குள் அடைத்துவிட, பேய் என்றாலே வெடவெடக்கும் தம்பி, கையில் ஒரு டார்ச் விளக்கும் முதுகில் பேய்களை உறிஞ்சும் ஒரு வாக்குவம் கிளீனருமாக அந்த மாளிகைக்குள் நுழைகிறான். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் லூயிஜி ‘மாரியோ’ என்று அண்ணனைக் கூப்பிடுவான். அவனுடைய உயிர்ப்பலம் குறையக் குறைய அந்தக் குரல் தளர்ந்து நடுங்கும். ஆட்டத்தில் முன்னேற அந்தக் கூப்பாடு எந்த விதத்திலும் உதவாது. இருந்தும் அதை உருவாக்கியவர்கள் மெனக்கெட்டுச் சேர்த்திருக்கிறார்கள். லூயிஜி யார் என்று என்னைக் கேட்டால் அந்தக் குரலைத்தான் சுட்டிக்காட்டுவேன். அன்று அண்ணனைத் தேடித் தம்பி போனான். படத்தில் தம்பியைத் தேடி அண்ணன் வருகிறான். இந்தத் தலைகீழ் மாற்றத்தை அவமரியாதையாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இளவரசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1985-இன் கதையில் சிறைப்பட்டவள் அவள். மீட்கப்படுவதற்காகக் காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இருந்ததில்லை. இயக்குநர்கள் ஆரன் ஹோர்வத்தும் மைக்கேல் ஜெலினிக்கும் அவளை ஒரு நாட்டை ஆள்பவளாகவும், மாரியோவுக்கே பயிற்சி தருபவளாகவும் மாற்றினார்கள். அதனால் காலியான இடத்தில் தம்பியை வைத்தார்கள். வீரத்தை ஒருவரிடமிருந்து பிடுங்கி மற்றவருக்குக் கொடுத்த பங்கீடாக இதைப் பார்க்காதீர்கள். முன்பின் தெரியாத ஓர் இளவரசிக்காக உயிரைப் பணயம் வைத்த மாரியோ, இப்போது கூடப் பிறந்தவனுக்காக வைக்கிறான். கதைக்குச் சதையும் ரத்தமும் வந்தது இதனால்தான்.

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். புரூக்ளினில் பிளம்பிங் தொழில் தொடங்கி, கையிலிருந்த பணத்தைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் போட்டுவிட்டு நிற்கும் மாரியோவைப் பார்த்து, தம்பியையும் உன்னோடு சேர்த்துக் கீழே இழுக்கிறாய் என்று தந்தை கடிந்துகொள்கிறார். இருவரையும் வேறோர் உலகத்துக்கு இழுத்துச் செல்லும் பச்சைக் குழாயின் சுழலில் தம்பியின் கை நழுவிப் போனபோது அந்தச் சொல்லும் மாரியோவோடு சேர்ந்தேதான் போகிறது. அதற்கான மறுமொழி இறுதிச் சண்டையில், மாரியோவிடமிருந்து அல்ல, லூயிஜியிடமிருந்து வருகிறது. பவுசர் அண்ணனை நோக்கி நெருப்பைக் கக்க, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியைக் கேடயமாக ஏந்திக்கொண்டு குறுக்கே பாய்கிறான் தம்பி. யாரும் அவனை இழுத்து வரவில்லை, தானாக வந்தான். பிளம்பரின் கைக்கு அந்த மூடியைவிடப் பொருத்தமான ஆயுதத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்தே, யாராலும் வெல்ல முடியாத பலம் தரும் நட்சத்திரத்தின் சக்தியைப் பெறுகிறார்கள். இயல்பிலேயே அஞ்சாதவன் ஒருவன் அந்த மூடியைப் பிடித்திருந்தால், அது இன்னொரு சண்டைக் காட்சியாக மட்டுமே கடந்து போயிருக்கும்.

உங்கள் மனக்குறை முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இந்தப் படம், டாங்கி காங் என்ற கொரில்லாவுடனான மோதலுக்கும் வானவில் சாலையின் வண்டித் துரத்தலுக்கும் தாராளமாக நேரம் ஒதுக்குகிறது. எரிமலைக் குழம்பின் மேல் தொங்கும் கூண்டிலிருக்கும் லூயிஜிக்கோ, சாவைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசும் லூமாலீ என்ற நீல நட்சத்திரக் குழந்தையின் பேச்சைக் கேட்டு மிரள்வதற்கு மேல் வேலையில்லை. லூமாலீ எனக்கும் பிடித்த பாத்திரம்தான். ஆனால் குரல் கொடுத்த சார்லி டே, பதற்றத்துக்குள் பாசத்தைக் கலந்து பேசத் தெரிந்த நடிகர். அவரிடம் இன்னும் நிறைய வாங்கியிருக்கலாம். லூயிஜியைச் சிறையில் அடைத்ததில் தவறில்லை, அடைத்த பிறகு அவனை மறந்ததுதான் தவறு. அங்கேயே இன்னொரு கூண்டில் பென்குவின்களின் அரசரும் அடைபட்டிருந்தார். நாட்டைப் பறிகொடுத்த அவரும் அண்ணனைப் பிரிந்த இவனும் சிறிது நேரம் மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு காட்சி எழுதியிருந்தால், பின்னால் அந்த இரும்பு மூடியைத் தூக்கும் வலு அவனுக்கு எப்படி வந்தது என்பதை உங்கள் பிள்ளைகளும் விளங்கிக்கொண்டிருப்பார்கள்.