தென்னந்தோப்பில் காட்டுப்பூண்டு வளருமா?

ஜெர்மனியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, காட்டில் பறித்து வந்த பூண்டு இலையில் அரைத்த துவையலை விரும்பி உண்டதாக மயிலாடுதுறை வாசகி ஒருவர் எழுதியுள்ளார். அதன் விதையைத் தம் தென்னந்தோப்பில் ஊன்றலாமா என்றும், தோப்போரத்து மணல் திட்டில் மழைக்குப் பின் இலைவிடும் வெங்காயம் போன்ற கிழங்கும் அதே இனமா என்றும் கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை சொல்ல வேண்டும்: அந்தக் கிழங்கை வாயில் வைக்காதீர்கள். அது நரிவெங்காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோடையில் இலையின்றிப் பூத்தண்டு மட்டும் நீட்டி, மழைக்குப் பின் தழைக்கும் அச்செடியின் கிழங்கில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு உண்டு. சித்த மருத்துவர் முறைப்படி சுத்தி செய்து மருந்தாக்குவது வேறு, நாம் சட்டியில் வதக்குவது வேறு.

ஐரோப்பாவிலும் இந்த ஆபத்து இருக்கிறது. காட்டுப்பூண்டு என்று நம்பி இலையுதிர்காலக் குரோக்கஸின் இலையை உண்டு இறந்தவர்கள் அங்கே உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சுதான் வேதாரண்யம் பகுதியில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கிலும், அதாவது நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கசக்கினால் பூண்டு மணம் வர வேண்டும் என்பது சரியான சோதனையே. ஆனால் ஓரிரு இலைகளைக் கசக்கியதும் அம்மணம் விரலிலேயே தங்கிவிடுவதால், அடுத்த இலைக்கு அச்சோதனை உதவாது. எனவே மகளிடம், ஒவ்வோர் இலையும் தனிக்காம்போடு மண்ணிலிருந்து எழுகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பறிக்கச் சொல்லுங்கள்.

இனி, விதை. காட்டுப்பூண்டு இலையுதிர்க் காட்டின் செடி. மரங்கள் தழைத்து வெயிலை மறைக்கும் முன்பே, குளிர்காலம் முடியும் தறுவாயில் இலைவிட்டு, வசந்தத்தில் வெண்ணிறமாகப் பூத்து, கோடை தொடங்கியதும் மண்ணுக்குள் அடங்கிவிடும். விதை முளைக்கவே நீண்ட குளிர் தேவை. மார்கழியிலும் அத்தகைய குளிர் டெல்டாவில் கிடையாது. போதாததற்கு, வெளிநாட்டு விதையைக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதியும் பெற வேண்டும்.

அந்தத் துவையலின் சுவைக்கு எளிய வழி இருக்கிறது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு, முளைவிட்ட பூண்டுப் பற்களை நீர் தேங்காத தொட்டியில் நெருக்கமாக ஊன்றுங்கள். நம் வெப்பத்தில் கிழங்கு சரியாகத் திரளாது. ஆனால் சில வாரங்களில் பச்சைத் தாள் கிடைக்கும். அடியில் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும். அதை வதக்காமல், வறுத்த நிலக்கடலையும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து அரையுங்கள்; தீயில் வைத்தால் மணம் குறைந்துவிடும்.