பேனைக் கட்டைக்குள் இறுகிய ரெசின்: கேள்வி-பதில்

மாரி தொடங்கியதும் வெளிவேலை குறைந்து, வீட்டு லேத்தில் பேனை கடைகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளெல்லாம், கட்டையைத் துளைத்து உள்ளே ஒட்டுகிற பித்தளை ரியூபுக்குள்ளேயே சுற்றுகின்றன.

சிலிம்லைன் என்கிற ஒல்லிப் பேனைக்கு 7 மில்லிமீற்றர் ரியூபை எபொக்சி ரெசின் பசையால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் ரியூபுக்குள்ளும் இறுகிக் கிடக்கிறது, கட்டையைக் கோர்த்துக் கடைகிற லேத் கம்பி நுழையவில்லை. கட்டையை எறிந்துவிடவா? (சாவகச்சேரி)

எறியாதீர்கள் தம்பி. ரியூபைத் துளைக்குள் தள்ளும்போது அதன் முன்வாய் வழியில் இருந்த பசையை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே அடைப்பு அநேகமாக ஒரு முனையில்தான் இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எந்த முனை என்று தெரிந்துவிடும்.

7 மில்லிமீற்றர் என்பது வெளிவிட்டம். உள்ளே அதைவிடக் குறைவு. சுத்தமான முனையை வேர்னியரால் அளந்து, அந்த அளவைவிடச் சற்றே சிறிய ட்ரில் பிட் ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் சரிவரும். தண்டில் பழந்துணியை இறுக்கிச் சுற்றி, கட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, பிட்டை விரல்களால் மட்டும் திருகுங்கள். மின்சார ட்ரில்லில் மாட்டவே வேண்டாம். ரியூபின் சுவர் நகத்தின் தடிப்புக்கூட வராது. பிட் அதைக் கவ்விக்கொண்டால் பித்தளை சுருண்டு கட்டையும் போய்விடும்.

ரெசின் அறுபடும்போது மந்தமான கரகரப்புக் கேட்கும், வெளிறிய தூள் வரும். கீச்சென்ற சத்தமும் பொன்னிறத் துகளும் வந்தால் பித்தளையைத் தொட்டுவிட்டீர்கள். உடனே நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய படலத்துக்கு எலிவால் அரம் போதும். அது இல்லையென்றால் மெல்லிய தடி ஒன்றில் 180 இலக்க சாண்ட் பேப்பரைச் சுற்றி உள்ளே விட்டுத் திருப்புங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கப் பேனையின் உலோகப் பாகத்தைச் செருகிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள். அழுத்திப் பொருத்துகிற பாகம் அது. அரைவாசி போய் இறுகினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. எஞ்சிய பசைமேல் ஏறினால் கடைந்து முடித்த மரமே வெடிக்கும். லேத் கம்பி தடங்கலில்லாமல் போய் வந்தால் அதுவே போதுமான சோதனை.

அதே அளவு, 7 மில்லிமீற்றர் பிட்டையே உள்ளே விடலாமா? (மானிப்பாய்)

கூடாது. அது மரத்தைத் துளைக்கிற பிட். ரியூபுக்குள் விட்டால் ரியூபைத்தான் தின்னும்.

பைபர் போட் வேலைசெய்பவரிடம் ரெசின் வாங்கி, ரியூபைச் சுற்றி வார்த்தேன். உள்ளே கசிந்துவிட்டது. இரவு முழுக்க அசிற்றோனில் ஊறப்போட்டும் அசையவில்லையே? (குருநகர்)

அசையாது. போட் ரெசின் வழமையாக பொலியெஸ்ரர். ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) சேர்த்து இறுகும் முன் அசிற்றோனால் துடைக்கலாம், இறுகிய பிறகு அது கரையாது. எபொக்சியும் இப்படித்தான். அசிற்றோனுக்கு இணங்குவது சுப்பர் குளூ மட்டுமே. உங்களுக்கும் மேலே சொன்ன கைத்திருகல்தான் வழி. தூள் மூக்கில் ஏறாமல் மாஸ்க் போடுங்கள்.

போட் ரெசினைத் தொடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கோபால்ற் சேர்த்து விரைவுபடுத்துகிற வகை என்றால், அந்தக் கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதை ஊற்றவேண்டும்.

சூடுகாட்டினால் இளகாதா? (சுன்னாகம்)

இளகும், சங்கடமே அதுதான். எபொக்சி கொதிநீர்ச் சூட்டிலேயே மெத்தென்று ஆகிவிடும். உள்ளே அடைத்த பசையும் வெளியே மரத்தைப் பிடித்திருக்கிற பசையும் ஒன்று. பித்தளை சூட்டை நொடியில் கடத்திவிடும்.

பழைய வீட்டு நிலை ஒன்றிலிருந்து அறுத்த முதிரைக் கட்டையில் ஒருமுறை லைற்றரைக் காட்டினேன். உள்ளிருந்த பசை கருகி ஒட்டிக்கொண்டது. ரியூப் வெண்ணெயில் கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்தது, கட்டையின் முனையும் பிளந்தது. அந்த முதிரை இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

ரியூப் கெட்டு, மரத்தை மட்டும் மீட்க நினைத்தால் சூட்டை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். ஈயப்பற்றுக் கோலின் நுனியை ரியூபுக்குள் விட்டுச் சற்றுப் பொறுத்து, பசை இளகியதும் குறட்டால் இழுங்கள்.

பனை வைரத்தில் கடைகிறேன். நார் பிரியாமலிருக்க சுப்பர் குளூ விட்டால் ரியூபுக்குள் ஓடிவிடுகிறது. (கொடிகாமம்)

கூரையிலிருந்து கழற்றிய பழைய பனஞ்சலாகைதானே? கறுப்பு நார்களுக்கு நடுவே மென்மையான பகுதி இருப்பதால் அது குடிக்கத்தான் செய்யும். முனையால் வழிந்து உள்ளே போகிறது. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, அசிற்றோனில் தோய்த்து, ரியூபின் உள்சுவரை மட்டும் துடையுங்கள். இரண்டு மூன்று தரம் பஞ்சை மாற்றவேண்டி வரும். கட்டையை அசிற்றோனில் முக்கிவிடாதீர்கள், நாரைப் பிடித்திருக்கிற குளூவும் கழன்றுவிடும். அடுப்படியில் வைத்துச் செய்யவேண்டாம், அசிற்றோன் ஆவி தீப்பற்றும்.

உள்ளே போகாமலே தடுக்க என்ன வழி? (பருத்தித்துறை)

ஒட்டுமுன் ரியூபின் இரு வாயையும் அடையுங்கள். பிள்ளைகளின் களிமண், மெழுகு, எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு. விரல் தடிப்பில் துண்டு வெட்டி, ரியூபின் வாயை அதில் குத்தி எடுத்தால் அளவான அடைப்பு தானாக உள்ளே நிற்கும். பசை இறுகியதும் ஈர்க்கால் தள்ளிவிடலாம். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் அழுகும், அந்த மணத்தை அனுபவித்திருக்கிறேன்.

பொலியூரிதேன் ரெசின் வார்க்கிறவர்கள் மட்டும் கிழங்கு பக்கம் போகவேண்டாம். ஈரம் பட்டால் அது நுரைத்துப் பொங்கும். மாரி காலத்தில் மரத்தையே முதலில் நன்றாக உலர்த்தவேண்டும். அவர்களுக்கு மெழுகுதான்.